நகம் மாட்டும் திசை

மே மாதம் கல்லூரியில் எனக்குச் சம்பளம் கிடையாது.
கௌரவ விரிவுரையாளர் என்றால்
பதினோரு மாதத்துக்குத்தான் கௌரவம்.
ஆகவே பர்கூர் சாலை கிரானைட் கம்பெனியில்
கணக்கெழுத வருகிறேன்,
பையில், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில்
திரும்பி வந்த ஆய்வேடு.

போலி வகைக்கெழுச் செயலிகள் என்று தலைப்பு.
"அசல் கிடைக்கலையா மேடம்?" என்றார் மேனேஜர்.
பெண் பார்க்க வந்தவர்களும் இதையேதான் கேட்டார்கள்.

வகையிடல் நின்ற இடத்தை மட்டும் தடவிப் பார்க்கும்.
இது ஒரு புள்ளிக்குப் பதில் சொல்ல
பலகை முழுக்கக் கேட்டுவிட்டு வரும்.
இடத்துக்கு இடம், அதிர்வெண்ணுக்கு அதிர்வெண்
வேறு விலை வைக்கும்:
மல்கோவாவுக்கு ஒன்று, பெங்களூராவுக்கு ஒன்று,
அதுவும் கிருஷ்ணகிரி மண்டியில்
கடைக்குக் கடை மாறுவதுபோல.

அவ்வளவு தூரம் அலைந்தும்
ஒரு முறிவைக்கூட அது நகர்த்தாது.
வழவழப்பாக இருந்த இடத்தில்
புதிதாய் ஒன்றை உண்டாக்காது.
இது பாடப்புத்தகத்தில் உள்ளது.
ஓரம் உள்ள பலகையிலும் இது நிற்குமா?
நிற்கும் என்பது என் மூன்றாம் தேற்றம்.
ஓரத்தில் நிறுவல் போதாது என்பது
தேர்வாளரின் ஒன்றரை வரி.

திம்மராயன் பலகைமேல் தண்ணீர் ஊற்றினான்.
வெயில் குடித்தது. பலகை வெளுத்தது.
ஒரு மயிரிழை மட்டும்
காயாமல் கறுத்துக் கிடந்தது.

"உங்க மெஷின்லதான் விட்டிருக்கு, என் கல்லு சுத்தம்"
என்று போனில் கத்தினார் குவாரிக்காரர்.
மேனேஜர் கையால் போனைப் பொத்திக்கொண்டு
என் பக்கம் திரும்பினார்:
"பாலிஷ் போட்டா விரிசல் வருமா மேடம்?
உங்க போலிக் கணக்கு என்ன சொல்லுது?"

வராது என்று வாயெடுத்தேன்.
விரிசல் ஓரத்தில் இருந்தது.

சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை.

திம்மராயன் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.
விரிசலின் போக்கிலேயே நகத்தை ஓட்டினான்:
எண்ணெயில் போவதுபோல் போயிற்று.
குறுக்கே இழுத்தான்:
டக்.
அதே புள்ளி. அதே நகம்.
எங்கே என்பது பாதிக் கேள்வி;
எந்தத் திசையில் மாட்டுகிறது என்பது மீதி.
எண்பது பக்கத்தில் அலைமுகக் கணம் என்று
நான் எழுதியது இந்த டக்கைத்தான்.

"ஓரத்துல தொடங்கல சார்.
உள்ளேருந்து வந்து ஓரத்துல முடியுது.
நுனி பாருங்க, உள்ளதான் அகலம்."

போனில் பேரம் ஒருவழியாகப் பாதியில் நின்றது.
நாலாயிரத்து இருநூறு, குவாரிப் பற்று.
பேரேட்டில் அதை எழுதினேன்.

நானோ நிறுவலை ஓரத்திலிருந்து தொடங்கி
உள்ளே போக முட்டிக்கொண்டிருந்தவள்.
உள்ளிருந்து வந்தால்?
வரும் கதிர் ஓரத்தை உரசியபடி
வழுக்கிக்கொண்டே போனால் என்ன செய்வேன்?
தெரியவில்லை.

லாரிச் சீட்டின் பின்புறம்
ஒரு பலகை வரைந்தேன், ஓரத்தோடு.
மேலே கரண்ட் போயிற்று. மெஷின் நின்றது.
சீட்டைக் கேட்டு டிரைவர் வந்து நிற்கிறார்.
இன்னும் இரண்டு வரி, அண்ணே.