தற்காலிகம்

நாற்பதாயிரம் வரி நிரல்,
அதில் 2,117ஆம் வரியில் ஒரு குறிப்பு:
"தற்காலிகம். பிறகு மாற்றவும். வில்மார்."
பக்கத்தில் 0.35.

வில்மார் ஓய்வு பெற்று ஒன்பது வருடம்.
மொந்தேவிதேயோவிலிருந்து போன் போட்டால் சிரிக்கிறார்:
"அதுவா, ஏதோ குளிர்நாட்டு ஏரியின் எண்.
அந்த வருஷம் நம் ஆற்றில் இறங்கி அளக்கப்
படகுக்கு டீசல் இல்லை."

அதை நம்பித்தான்
இவ்வளவு பாஸ்பரஸ் அடியில் படிந்துவிடும் என்றோம்,
கரையில் இத்தனை மாடு மேயலாம் என்றோம்.
கீழ்க்கரை எட்செவெரிக்கு அனுமதி,
மேல்கரை விதவை பெர்தோமேவுக்கு இல்லை.
"மாதிரி சொல்கிறது" என்று
நீதிபதி முன்னால் சாட்சி சொன்னவள் நான்.

மாதிரி எங்கே சொன்னது?
டீசல் இல்லாத ஒரு வருஷம் சொன்னது.
ஏட்டுச் சுரைக்காயைக்
கூறுபோட்டு விற்றிருக்கிறோம்,
ரசீதோடு.

மேசையில் படிவம்.
இந்த மாதிரி இந்தப் பயன்பாட்டுக்குத் தகுந்ததா?
ஆம், இல்லை: இரண்டே கட்டம்.
"வரம்புகள்" என்பதற்கு அரை வரி இடம்.
வெள்ளிக்குள் கையெழுத்து வேண்டுமாம் இயக்குநருக்கு.
மாத்தே தேநீர் ஆறிக் கசக்கிறது.

இரண்டையும் விட்டேன்.
ஏழு தாள் இணைத்தேன்.
எட்டாவது, டீசல் விண்ணப்பம்.

ஆறு மாதம் கழித்து
அதே வரியில் 0.19.
"தற்காலிகம்" என்பதை அழிக்கவில்லை.
அதன் கீழே எழுதினேன்:
நெலிதா அர்ரோஸ்பிதே,
பாலத்துக்குத் தெற்கே, கோடை வெள்ளத்துக்கு முன்,
இருபத்தாறு குப்பி.
ஒன்று உடைந்தது.