பாஸ் தீவில் ஒரு சனிக்கிழமை

படகுக்குப் பணம் கட்டியவன் தம்பி.
அவன் மட்டும் வரவில்லை.
மாயேபூர்த் துறையில் வல்லி
முன்பலகையில் ஏறிக்கொண்டாள்,
நான் பின்பலகையில்.
நடுவில் படகோட்டி கயத்தான்,
ஐஸ்பெட்டி, ஒரு சீப்பு வாழைப்பழம்.

அப்பா வீட்டின் குறுக்கே
சுவர் எழுப்புவதா வேண்டாமா என்று
நோட்டரிக்கு இதுவரை அழுதது
எண்பதாயிரம் ரூபாய்.

தீவு என்கிறார்கள்.
பவளப்பாறை மேல் கொஞ்சம் கருங்கல்.
பீரங்கிக் குண்டைப் பழுக்கக் காய்ச்சிய உலையில்
யாரோ மீன் சுட்டிருக்கிறார்கள்,
செதில் இன்னும் மினுங்குகிறது.
சுவரில் சிப்பாய்கள் கீறிய பெயர்கள்,
ஒரு கப்பல், பாய்மரம் மட்டும் கோணல்.
வல்லி குனிந்து தடவிப் பார்த்தாள்.
நான் வேறு சுவரைப் பார்த்தேன்.

கயத்தான் சொன்னான்:
சண்டை முடிந்ததும் மதாம்,
பிரெஞ்சுத் தளபதியையும் ஆங்கிலத் தளபதியையும்
ஒரே வீட்டில் கிடத்தி
வைத்தியம் பார்த்தார்கள்,
அதோ, அந்தக் கரையில்.
இருவருக்கும் அடி முகத்தில்.

"குறட்டை விட்டது யார்?"
என்றாள் வல்லி.
பதினான்கு மாதத்தில்
நான் கேட்ட அவள் குரல்.
அதுவும் கயத்தானிடம்.

சிரிப்பை அடக்கப்
பழத்தை வாயில் திணித்தேன்.
புரையேறியது.
முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.
தட்டினாளா அடித்தாளா,
இன்னும் எரிகிறது.

திரும்புகையில் எதிர்க்காற்று.
பின்பக்கம் அமிழ்கிறது,
ஒருவர் முன்னே வாங்க என்றான் கயத்தான்.
எழுந்தேன்.
பக்கத்தில் வைத்திருந்த பையை எடுத்து
அவள் மடியில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை, பத்து மணிக்கு, நோட்டரி.