மூன்று மணி என்று எழுதிக் கொடுத்தேன்

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
ஒன்பது வருஷமாகக் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை.
குணாளன் போனஸில் வாங்கிய
மஞ்சள் ரப்பர் படகையும்
அந்தக் கண்ணால்தான் பார்த்தேன்.

தெலுக் பஹாங் மணலில் ஊதி வைத்து,
பாத்திரம் கழுவும் சோப்பை நுரைத்து
வால்வுகளில், ஒட்டுகளில் பூசினேன்.
ஒரு குமிழி எழவில்லை.
மூன்று அறை, மூன்றுக்கும் தனித்தனிக் காற்று.
உயிர்க்கவசம் இரண்டு, வார் இறுகுகிறது.
விசில் இரண்டு. துடுப்புக்குக் கயிறு.
"பாஸா?" என்றான்,
ஒரு கால் ஏற்கெனவே தண்ணீரில்.

கடல் இஸ்திரி போட்ட கைலி மாதிரி கிடந்தது.
எனக்கு அந்த ஒழுங்கு பிடிக்கவில்லை.
ஆளில்லாமல் படகை மட்டும் மிதக்க விட்டு
கயிற்று நுனியைக் கையில் சுற்றிக்கொண்டேன்.
ஒரு நிமிஷம் ஆகவில்லை, விறைத்தது.
யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட நாய் போல
வெளிக்கடலைப் பார்த்து இழுத்தது.

மலை நம் முதுகுப் பக்கம்.
இறங்கி வரும் காலைக் காற்று
கரையில் நிற்பவர் மேல் படாது,
தலைக்கு மேலே தாண்டிப் போய்
தூரத்தில்தான் தண்ணீரைத் தொடும்.
பார், அந்தக் கருத்த கோடு, சிலிர்க்கிறதே,
அதுவரை நீ துடுப்புப் போடுவாய்.
அதற்கப்புறம் அது போடும்.

"படகு பாஸ்" என்றேன். "காற்று ரிஜெக்ட்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.
மணலில் நின்ற படகில் எதிரெதிரே உட்கார்ந்து
நாசி லெமாக் பிரித்தோம்.
நெத்திலியை எல்லாம் அவன் பக்கம் தள்ளினேன்.

பன்னிரண்டரைக்குக் காற்று திரும்பி
முகத்தில் அடித்தது.
பிசாங் கோரெங் கடை ரொக்கியாவிடம்
தாளில் எழுதிக் கொடுத்தேன்:
மஞ்சள் படகு. இரண்டு பேர். மூன்று மணி.
வராவிட்டால் 999.
"ஓகே லா" என்று எண்ணெய்க் கையோடு வாங்கி
சில்லறை டப்பாவில் செருகினாள்.

போனோம்.
கரையோடு ஒட்டி, கால் எட்டும் ஆழத்தில்,
பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.
இரண்டரைக்குள் திரும்பி,
காற்றிறக்கி, மடித்து, காரில் திணித்து,
ரவுண்டபவுட்டைச் சுற்றும்போதுதான்
எனக்கு வயிற்றில் சுருக்கென்றது.

மணி மூன்று பத்து.
அடுப்பு அணைந்திருந்தது. வாடிக்கையாளர் இருவர்
யாரைக் கேட்பதென்று தெரியாமல் நின்றார்கள்.
தண்ணீர் விளிம்பில், கணுக்கால் நனைய,
ஒரு கையில் ஜல்லிக் கரண்டி,
மறு கையில் போன் நெற்றிக்கு நிழலாக,
ரொக்கியா
கடல் முழுக்க
மஞ்சளைத் தேடிக்கொண்டிருந்தாள்.