தேய்ந்த பக்கம்

மின்சாரசபைக்காரர் கம்பிக்கு இடைஞ்சலென்று
வெட்டிப்போட்ட பூவரசங்கிளை
மூன்று நாள் ஒழுங்கையோரம் கிடந்தது.
இலையை ஆடு தின்றது.
மிச்சத்தை நான் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன்.

வாழைச்சேனை ஐஸ் தொழிற்சாலையில் எனக்கு இரவு வேலை.
உறைந்து நிற்கும் கட்டிகளைக்
கொக்கியால் இழுத்துச் சரிவில் தள்ளுவேன்.
விடியும்போது படகுக்காரர் நொறுக்கிக் கொண்டுபோவார்கள்.
நான் செய்த எதுவும் மத்தியானம்வரை இருந்ததில்லை,
அதனால்தான் கரண்டி செதுக்குகிறேன் என்று
கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு காரணம் வைத்திருக்கிறேன்.
உண்மை அதுவல்ல.
ஈர மரத்தில் கத்தி இறங்கும் சத்தம் பிடிக்கும்.
அவ்வளவுதான்.

ஓட்டமாவடிக் கம்மாலையில் சலாகுதீன்
பழைய லொறி வில்லுத்தகட்டை
நகம்போல வளைத்துத் தந்தார் ஒரு கத்தி.
"இதால என்ன அறுக்கப்போறீங்க?"
"கரண்டி."
"கடையில இருநூறு ரூவாக்கு இரிக்கே!"
காசை எண்ணும்போதும் சிரித்துக்கொண்டேயிருந்தார்.

முதலாவது பிளந்தது.
இரண்டாவதில் குழி ஆழமாகி
அடியால் வெளிச்சம் தெரிந்தது.
ஐந்தாவது கரண்டிபோல இருந்தது.
இப்போது பதின்மூன்று, ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் நிற்கின்றன.
யோகமலர் ஒன்றையும் தொடுவதில்லை.
"வடிவா இரிக்கு" என்பாள்,
என்றுவிட்டு அலுமினிய அகப்பையை எடுப்பாள்.

அவள் தொடுவதைப் பார்த்தே செய்வோமே என்று
ஒரு ஞாயிறு,
கழுவிக் கவிழ்த்திருந்த அந்த அகப்பையைக்
கடதாசியில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தேன்.
வட்டம் வரவில்லை.
வலப்பக்க உதடு
பிறைபோலத் தேய்ந்திருந்தது.

வலக்கையால் கிண்டினால்
இடப்பக்கமல்லவா தேயும்?
வெறுங்கையால் காற்றைக் கிண்டிப் பார்த்தேன்.
பிறகு மற்றக் கையால்.
பதினாறு வருடம்.

பின்னேரம் அடுப்படி வாசலில் போய் நின்றேன்,
தண்ணீர் கேட்டு வந்தவன்போல.
சொதி திரையாமல் கிண்டிக்கொண்டிருந்தாள்.
"என்ன?"
"நீ இடக்கையா?"

அகப்பை சட்டென்று கை மாறியது.
பிறகு அவளுக்கே சிரிப்பு வந்து
திரும்பவும் மாற்றிக்கொண்டாள்.
"முதலாம் வகுப்பில
டீச்சர் அடிமட்டத்தால மொளியில அடிச்சா.
எழுத்து மாறிற்று. சோறு திங்கிறதும் மாறிற்று.
இஞ்ச ஆரு பாக்கப்போறாங்க?"

கோணல் என்று மூலையில் போட்டிருந்த துண்டை எடுத்தேன்.
தொண்ணூறு பாகை திருப்பிப் பிடித்தேன். இல்லை.
மறுபக்கம் திருப்பினேன்.
ஓம், அப்படித்தான்.
உள்ளே கபிலம், விளிம்பில் வெள்ளை,
கணு ஒன்று சரியாகக் கழுத்தில் வந்து நின்று
இரண்டு நாள் என்னோடு வழக்காடியது.

எண்பதாம் இலக்க அரத்தாள், நூற்றிருபது,
இருநூற்றிநாற்பது.
மழமழப்பு வந்துவிட்டதென்று
தண்ணீரில் முக்கி எடுத்தால்
அமுக்கிவைத்த நாரெல்லாம் மறுபடி எழும்பி நிற்கும்.
காயவிட்டுத் தேய்க்கவேண்டும். மறுபடி முக்கவேண்டும்.
மூன்று தரம் செய்தேன்.
மூன்றாம் தரமும் கொஞ்சம் எழும்பியது.
அதை அப்படியே விட்டேன்.
தேங்காயெண்ணெய் நாளானால் காறும் என்பதால்
வாகரையிலிருந்து வந்த தேன்மெழுகை
உள்ளங்கைச் சூட்டில் இளக்கிப் பூசினேன்.
ஐஸ் பிடித்த கை, சூடேற நேரமெடுத்தது.

வெள்ளிக்கிழமை அதால் பருப்புக் கிண்டினாள்.
நல்லதென்றோ வடிவென்றோ சொல்லவில்லை.
"காம்பு கொஞ்சம் நீளம்."
ஒரு விரலளவு அறுத்தேன்.

அன்றிரவு வேலைக்குப் புறப்படும்போது
கரண்ட் பில்லின் பின்பக்கம்
வழக்கமான சாமான் துண்டு எழுதியிருந்தது.
மஞ்சள், கொத்தமல்லி, நெருப்புப்பெட்டி.
வரிகள் மேலேறிக் கீழிறங்கி,
ஆறு வயதுப் பிள்ளையின் கை.
நாலாவதாக எழுதியிருந்தது
சீனி என்று வாசிக்க
எனக்குக் கொஞ்சம் நேரமெடுத்தது.