மடங்காத வரி

தினசரி காலண்டரில் ராகுகாலத்துக்குக் கீழே
ஒரு பொன்மொழி இருக்குமே,
அதை எழுதுகிறவள் நான்.
வண்ணாரப்பேட்டையில், பைண்டிங் கடைக்கு மேல்மாடி.
வரிக்கு மூன்று ரூபாய்.
சிவகாசியிலிருந்து ஏஜெண்ட் தங்கப்பழம் போனில் சொல்லுவார்:
"புத்தி சொல்லுங்க, யாரையும் சொல்லிராதீங்க.
வரி மட்டும் மடங்கப்பிடாது."

மடங்கத்தான் செய்கிறது.
'உண்மை சொன்னவன் நிம்மதியாகத் தூங்குவான்' என்று அடித்தால்
'பக்கத்து வீட்டுக்காரன் தூங்க விட்டால்' என்று
வால் ஒன்று முளைக்கும்.
'உழைத்த கை ஓயாது.'
ஓயத்தான் அதற்கு ஆசை.
வெட்டிய வால்களையெல்லாம்
ஒரு ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன்,
மிச்சம் என்று பெயர்.

ஆவணியில் என் ஸ்கூட்டி தொலைந்தது,
ஈரடுக்குப் பாலத்துக்கு அடியில் நிறுத்திவிட்டுத்
தம்பிக்கு வலிப்பு மாத்திரை வாங்கி வருவதற்குள்.
புரட்டாசி ஏழு, ஸ்டேஷனுக்கு நாலாவது நடை.
ரைட்டர் இசக்கிப்பாண்டி தலை நிமிரவில்லை.
பேனாவால் சுவரைக் காட்டினார்.

பொறுத்தவன் கைக்குப் பொருள் வந்து சேரும்.

"படிச்சீங்கள்லா? பெறகு வாங்க."

படித்தேன்.
போன வருஷம் ஆடியில்
காற்று ஜன்னலைப் போட்டு அடித்த ஒரு ராத்திரி
முழுசாக அது இப்படி இருந்தது:
பொறுத்தவன் கைக்குப் பொருள் வந்து சேரும்,
அதற்குள் கை தளராமல் இருந்தால்,
சேர்க்க வேண்டியவர் சீட்டில் இருந்தால்,
இருந்தும் நிமிர்ந்து பார்த்தால்.

நான் எழுதியது என்று சொல்லவில்லை.
சொன்னால், "அப்ப ஒங்களுக்குத் தெரியாததா" என்று
இன்னும் ஒரு வாரம் சேர்த்திருப்பார்.

கொக்கிரகுளம் வரை நடந்தேன்.
ஆறு கலங்கிப் போய்க்கொண்டிருந்தது.
ஆற்றைப் பற்றி ஏழு பொன்மொழி எழுதியிருக்கிறேன்,
ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

வருகிற வருஷம் பிப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள்.
"அந்த ஒத்தைத் தாளுக்குப் பழசு ஏதாச்சும் போட்டுக்கிடுங்க,
துட்டு கிடையாது."

துட்டில்லாத தாள்.
மிச்சத்தைத் திறந்து
ஒரு வாலை எடுத்து வைத்தேன்.

அதற்குள் கை தளராமல் இருந்தால்.

மடங்கவில்லை.
ரெண்டு நாள் கழித்துத் தங்கப்பழம் கூப்பிட்டார்,
"இதுல என்னமோ கொறையுதே?"

"ஆமா அண்ணாச்சி" என்றேன்.