மழை சொல்லாத முழங்கால்

என் முறை வர மூன்று ஆண்டும் நான்கு மாதமும்.
அதற்குள் கதான்ஸ்க் துறைமுகத்தில்
நான் பற்றவைத்த கப்பல்களில் இரண்டைக்
காயலான் கடைக்கு உடைத்துவிட்டார்கள்.
என்னை உடைக்கத்தான் நாள் கிடைக்கவில்லை.

முப்பத்தோரு ஆண்டு மண்டியிட்டே பிழைத்தவள் நான்,
தேவாலயத்தில் அல்ல, கப்பலின் அடித்தட்டில்.
எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார் டாக்டர்.
அவர் வாய் திறக்குமுன் சொல்லிவிட்டேன்:
"இடைவெளியே இல்லை. எலும்பை எலும்பு தின்கிறது."
"லோங்கினா அம்மா, எங்கே படித்தீர்கள் இதை?"
பற்றவைப்பில் ஓட்டை தேடி
எத்தனை எக்ஸ்ரே பார்த்திருப்பேன்.

"என்ன உலோகம் வைப்பீர்கள்?"
"கோபால்ட், குரோமியம். கீழே டைட்டானியம். நடுவில் பிளாஸ்டிக்."
முதல் மூன்றுக்கும் தலையாட்டினேன்.
பிளாஸ்டிக்குக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை.

வீட்டைத் தயார் செய்ய ஒரு தாள் கொடுத்தார்கள்.
கம்பளங்களைச் சுருட்டி மூலையில் நிறுத்தினேன்.
கட்டில் கால்களுக்கு நான்கு செங்கல்.
கழிப்பறை இருக்கைமேல் இன்னோர் இருக்கை, அரியணை மாதிரி.
ஃப்ரீசரில் பதினான்கு டப்பா பீட்ரூட் சூப்.
தாளின் கடைசி வரி: உதவிக்கு வருபவர் பெயர்.
பேனாவை மூடிவிட்டேன்.
கீழ்வீட்டு ஸெனோன் பெயரையா எழுதுவது?
அவன் கூரை என் தரை.
பதினொரு ஆண்டாக அதைத் துடைப்பக் கட்டையால் இடிக்கிறவன்:
மெல்ல நட, மெல்ல நட.

அன்று காலை
தப்பான காலை அறுத்துவிடாமல் இருக்க
இடது தொடையில் ஊதா மையால் அம்பு போட்டார்கள்.
தகடுகளில் நான் போட்டுவந்த அதே குறி.
முதுகில் ஊசி. இடுப்புக்குக் கீழே நான் இல்லை.
பச்சைத் திரைக்கு அப்பால் ரம்பம்,
பிறகு சுத்தியல்,
இடையில் சுட்ட வாடை.
பயமா என்றாள் மயக்க மருந்து கொடுத்த பெண்.
இல்லை கண்ணே, வேலைக்கு வந்தது போல இருக்கிறது.
ஐந்தாம் அடி சற்றுச் சாய்ந்து விழுந்தது. சொன்னேன்.
திரைக்கு அப்பால் யாரோ சிரித்தார்கள்.
ஆறாம் அடி நேராக விழுந்தது.

சிரிப்பெல்லாம் அவ்வளவுதான்.
மூன்றாம் இரவு
கால் யாரோ கொண்டுவந்து போட்ட மூட்டையாகக் கிடந்தது.
தலையணை உறையைக் கடித்துக் கிழித்தேன்.
விடிந்ததும் கோணமானியோடு ஒரு பெண் வருவாள்:
அறுபத்தெட்டு.
எழுபத்தொன்று.
மறுபடி அறுபத்தெட்டு.
படியில் நிறுத்திப் பாடம் சொல்லுவாள்,
"ஏறும்போது நல்ல கால் சொர்க்கத்துக்கு,
இறங்கும்போது கெட்ட கால் நரகத்துக்கு."
என் வீடோ நான்காம் மாடி. லிஃப்ட் கிடையாது.

வீடு திரும்பிய ஐந்தாம் இரவு. தூக்கமில்லை.
ஊன்றுகோலோடு சமையலறைக்கும் ஜன்னலுக்கும்
டக், டக்.
கீழிருந்து துடைப்பக் கட்டை.
எனக்கும் வந்ததே ஆத்திரம்.
ஊன்றுகோலால் திருப்பி இரண்டு இடி.

மூன்று மாடி ஏறிவந்தது போல மூச்சு வாங்கிக்கொண்டு
ஒரே மாடி ஏறிய ஸெனோன் கதவில் நின்றான்,
கையில் துடைப்பத்தோடேயே.
என் பாதத்தைப் பார்த்தான்.
ரத்தம் கட்டாமலிருக்கப் போடும் இறுக்கக் காலுறை
கணுக்காலில் சுருண்டு கிடந்தது,
குனிய முடியாமல் காலையில் கைவிட்டது.
ஒன்றும் பேசவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தான்.
மண்டியிட்டான்.
அவன் முழங்கால் நறநறத்தது.
அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.
"எக்ஸ்ரே எடுத்தாயா?"
"காலை நீட்டு" என்றான்.

இது ஏழாவது வாரம். நூற்றுப் பத்துப் பாகை.
முன்பெல்லாம் பால்டிக் மேகம் திரளுமுன்
என் முழங்கால் சொல்லிவிடும்,
தெருவே என்னைக் கேட்டுத்தான் துணி உலர்த்தும்.
புதியதற்கு வானம் தெரியவில்லை.
இன்று போர்வைகள் எல்லாம் கொடியிலேயே நனைந்தன.
கீழே அவனுடையவை
நேற்றிரவே எடுத்து மடித்தாயிற்று.