ஒரு பக்கம் ரெண்டு ரூபாய்

பழைய ஜெயில் ரோட்டில்
ஆஸ்பத்திரி மதிலைப் பார்த்தபடி என் ஜெராக்ஸ் கடை.
பாதிப் பேர் நகலெடுக்க வருவார்கள்.
மீதிப் பேர்
"இதுல இன்னா போட்டுக்கீது, படிச்சு சொல்லு கண்ணு."
பி.ஏ. இங்கிலீஷ், ஒரு அரியர்.
இந்தத் தெருவுக்கு அதுவே ஜாஸ்தி.

அந்த ஒரு சொல்லை மட்டும்
எத்தனை தாளில் பார்த்தாயிற்று.
காசிமேட்டு ஆள் ஒருவரின் தோள்பட்டைச் சீட்டில்
அது சுளுக்கு.
செல்போன் சர்வீஸ் பையனின் கண் சீட்டில் அயர்ச்சி.
குடும்பக் கோர்ட்டு மனு ஒன்றில்
பதினோரு வருஷ இழுபறி முழுவதும்
அதற்குள் மடங்கிக் கிடந்தது.
ஹார்பரில் கிரேன் சோதிக்கும் ஒருவர்
அட்டவணையாகவே பத்துப் பக்கம் கொண்டுவந்தார்.
பாரம் ஏற ஏற இரும்பு எவ்வளவு நீண்டதென்று
புள்ளிக்குப் பிறகு நாலு இலக்கம்.
"இரும்புகூடவா சார் இழுபடும்?"
"இழுபடாத இரும்பு பட்டுனு போயிடும்மா"
என்றவர் மீதிச் சில்லறையை மறந்து போனார்.

எதிர்க்கடை டீ மாஸ்டர் துணி வடிகட்டியைத் தூக்கிப் பிழிகையில்
எனக்கு மட்டும் சிரிப்பு வரும்.
அகராதியில் அவருக்கும் அதே சொல்தான்.

செவ்வாய்க்கிழமை, கரண்ட் போய் வந்த நேரம்,
அமுலு வந்தாள்.
பின்னால், படியேறாமல்,
வாயில் துண்டை வைத்துக்கொண்டு கன்னியப்பன்.
கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் மூட்டை.
எழுத்துக் கூட்டி அவளே அந்த இடத்தைக் கண்டுபிடித்திருந்தாள்,
நகத்தால் கோடு கிழித்து வேறு வைத்திருந்தாள்.

"ஸ்ட்ரெய்ன்னு போட்டுக்கீது பாரு.
அன்னிக்கே தலபாடா அடிச்சுக்கினேன்.
ஸ்ட்ரெய்ன் பண்ணாதய்யா, பண்ணாதய்யான்னு.
கேட்டாரா?"
அவர் தலை குனிந்தார்,
திருட்டு பீடியோடு பிடிபட்டவர் போல.

வாங்கிப் படித்தேன்.
அந்தச் சொல்லுக்கு முன்னால் இன்னொரு சொல்.
பின்னால் இரண்டு மருந்தின் பெயர்.
மேலே, சளி எடுத்த தேதி.
மூட்டைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"அவரு பண்ணதில்லக்கா. இது வேற.
கிருமியோட வம்சத்தச் சொல்றாங்க.
வழக்கமா குடுக்கிற மருந்துக்கு
மசியாத வம்சமாம்."

கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாள்.
பிறகு அவரைப் பார்த்தாள்.
"மசியாத வம்சமா?
அப்ப சந்தேகமே இல்ல, எங்க மாமியாரு வழிதான்."
அவர் சிரித்துவிட்டார்.
சிரிப்பு இருமலாகி
இருமல் நிற்காமல் போய்க்கொண்டே இருந்ததில்
எதிரே டீ மாஸ்டரின் கை
பாதி உயரத்தில் நின்றது,
சொட்டிக்கொண்டு.

"வேற மருந்து கீதா?"
"கீதுக்கா. மாசக்கணக்குல சாப்புடணும். வுடக் கூடாது."
"மாசக்கணக்குல" என்று
வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள்.
தாளை நாலாய் மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.
குரல் இறங்கியது.
"மேஸ்திரிக்கு ஒரு லீவு லெட்டர் எழுதிக் குடேன்.
நோவு பேரு தெரிஞ்சா
இவரு கொக்கிய அன்னிக்கே வேறாளு கையில குடுத்துருவான்.
இங்கிலீஸ்ல எழுது. இங்கிலீஸ்னா கேள்வி கேக்க மாட்டான்."

எழுதினேன்.
காரணம் என்ற இடம் வந்ததும் பேனா நின்றது.
துண்டுக்கு மேலே அவர் கண்கள்
என்னைப் பார்க்காமல் பேனாவைப் பார்த்தன.
ஆறே எழுத்து.
மேஸ்திரி படிப்பான்,
தன் இடுப்பையும் ஒருமுறை தடவிக்கொள்வான்,
சரி வரட்டும் என்பான்.
ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.
ஆனாலும் மூடியை மாட்ட
விரல் ஒத்துழைக்கவில்லை.

ரெண்டு ரூபாய் நீட்டினாள்.
லெட்டருக்கு வாங்குவதில்லை என்றேன்.
"சும்மா எழுதிக்கினு போனா நல்லாருக்காது.
ஜெராக்ஸாவது ஒண்ணு போடு."

கண்ணாடிமேல் கவிழ்த்து மூடினேன்.
அந்தச் சொல்லுக்கு அடியில்
வெளிச்சம் ஒன்று
இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு
மெதுவாக ஊர்ந்து போயிற்று.